கிடா மான் பருவத்தில் ஒரு மஃரிப்

அந்திப்பொழுதில் மஃரிப் தொழவைக்கும்போது, நெற்றியைத் தரையில் வைத்த கடைசி சுஜூதிலிருந்து தலையைத் தூக்க நான் நேரமாக்குகிறேன் என்று நீங்க ரெண்டு பேரும் பின்னால் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்கத்தான் செய்கிறது. "வாப்பா தூங்கிட்டாங்க" என்று சின்னவள் உம்மாவிடம் சொன்னாளாம். நவம்பரில் மட்டும் ஏன் தூங்குறாங்க என்று பெரியவன் கேட்டானாம். நல்ல கேள்வி. வாயால் பதில் சொல்ல உட்கார்ந்தால் நீங்க நடுவில் இங்கிலீஷில் நாலு கேள்வி போடுவீங்க. பத்தாங்கிளாஸோடு நின்றுபோன நான் அதிலேயே மாட்டிக்கொண்டு விஷயத்தை விட்டுவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். உம்மா வாசித்துக் காட்டுவாங்க.

பெரியவன் அப்போது கிண்டர்கார்டன். சின்னவள் இன்னும் பால் பாட்டில். நாம ஆலன் என்கிற ஊரில் இருந்தோம். நான் வடக்கே ஹைவே ஓரத்தில் ஒரு கேஸ் ஸ்டேஷன் கடையில் விடியக்காலை ஷிப்ட் பார்த்தேன். நோன்பு நவம்பரில் வந்த காலம். கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு விடியுமுன் சாப்பிட உம்மா கட்டிக் கொடுத்த சஹர் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அந்நேரத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் வேட்டைக்காரர்கள். காபி, ஐஸ் மூட்டை, வண்டி நிறையப் பெட்ரோல். வேறு மாசத்தில் தூக்கக் கலக்கத்தில் வந்து ஒரு வார்த்தை பேசாமல் போகிறவர்கள், நவம்பர் நடுவில் மட்டும் கண்ணெல்லாம் பளபளவென்று, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி வருவார்கள்.

"ரட் ஆரம்பிச்சிருச்சு" என்பார்கள். நானும் முதலில் ஏதோ வண்டி ரிப்பேர் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, கிடா மான் சோடி தேடும் பருவத்துக்கு அந்தப் பேர்.

அவர்கள் பேச்சிலிருந்து நான் சேர்த்து வைத்ததைச் சொல்கிறேன். வருஷம் பூராவும் பெரிய கிடா மான் பகலில் வெளியே வராது. இருட்டில் மேயும், விடியுமுன் புதருக்குள் போய்ப் படுத்துவிடும். அத்தனை சூதானம். ஆனால் பகல் பொழுது குறைந்துகொண்டே வந்து ஒரு அளவுக்கு வந்ததும் அதன் உடம்புக்குள் என்னவோ திரும்பிவிடும். குளிர் வந்தாலும் வராவிட்டாலும் அதே நாட்களில்தான். கழுத்து வீங்கும். மரத்தில் கொம்பை உரசிப் பட்டையை உரிக்கும். காலால் மண்ணைக் கிளறி அதில் மூத்திரம் விட்டு, இது என் இடம் என்று எழுதி வைக்கும். பெட்டை மான் ஒன்று பக்குவத்துக்கு வந்துவிட்டால், அதன் வாசனையைப் பிடித்துக்கொண்டு பட்டப்பகலில், ரோட்டுக்குக் குறுக்கே, வேலி தாண்டி, துப்பாக்கிக்கு நேரே ஓடிவரும். வேட்டைக்காரனுக்கு வருஷத்தில் அந்த ரெண்டு வாரம்தான். அந்த ரெண்டு வாரத்திலும் விடிகிற பொழுதும் அடைகிற பொழுதும்தான்.

இன்னொன்றும் சொல்வார்கள். முதலில் ஓடிவருவது பெட்டை. அதைச் சுடாதே, போகவிடு. அது வந்த வழியையே பார்த்துக்கொண்டு இரு. பின்னால் வருகிறதுதான் உனக்கு.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்க.

தினமும் வருகிறவர்களில் கூரை போடும் கான்ட்ராக்டர் ஒருத்தர். ஒருநாள் அவர் பிக்கப்பின் பின்பக்கத்தில் தார்ப்பாய்க்கு வெளியே ரெண்டு மான் கால் நீட்டிக்கொண்டிருந்தது. காபியை ஊற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இந்த ரெண்டு வாரம் கிடாவுக்கும் புத்தி இருக்காது, துப்பாக்கி புடிச்சவனுக்கும் புத்தி இருக்காது. நீ பாட்டுக்கு உன் கவுண்டருக்குள்ளேயே இரு, தம்பி." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் ரோட்டோரம் ஒரு கிடா செத்துக் கிடந்தது. கழுத்து ஒரு தலையணை அளவுக்கு வீங்கி, கண் திறந்தபடி. அதைத் தாண்டும்வரை காரை மெதுவாக்கினேன். 

வீட்டுக்குள் நுழைந்தால் உங்க மாமா உட்கார்ந்திருக்கிறார். உம்மாவுக்கு ஒரே அண்ணன். ஃபிரிஸ்கோவில் கம்ப்யூட்டர் வேலை. அவர் எறும்பைக்கூடச் சுற்றிப்போகிற ஆள். மடியில் புத்தம்புது ஆரஞ்சு வெஸ்ட் ஒன்று. வேட்டைக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சட்டைக்கு மேல் போடுவது.

"காக்கா மான் சுடப் போறாங்களாம்" என்றாள் உங்க உம்மா. அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். "நேத்து சமையல்கட்டுல ஒரு கரப்பானுக்கு என்னைக் கூப்பிட்டவங்க."

"பிஸ்மி சொல்லிச் சுட்டா ஹலால்தானே? நோன்புக் கஞ்சியில மான் கறி. பள்ளிவாசல்ல எவன் செஞ்சதுன்னு பேர் கேப்பான் பாரு."

"பேர் கேப்பானா, போலீஸ் கேப்பானா? ஊரே நம்மளை ஒரு மாதிரி பாக்குற காலம். தாடி வச்ச ரெண்டு பேரு துப்பாக்கியத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குள்ள. டிவி பாக்குறீங்களா இல்லையா?"

"ரெண்டா? இன்னொருத்தர் யாரு?"

உம்மா என்னைக் கை காட்டினாள். "இவங்க உங்க கூட வருவாங்க."

நான் வாயைத் திறக்குமுன் முடிவாகிவிட்டது. மாமாவின் ஆபீஸ் கூட்டாளி ஒருத்தர், ரெட் ரிவர் பக்கம் அவருக்கு வேட்டை நிலம் குத்தகைக்கு இருந்தது. ஆறடிக்கு மேல் வளர்ந்தவர். மாமா அவரை நம்ம பாஷையில் நெட்டை என்பார். அவர்தான் கூப்பிட்டிருந்தார். மாமா கிளாஸ் போய், லைசன்ஸ் எடுத்து, எல்லாம் முறையாகச் செய்திருந்தார். எனக்கு லைசன்ஸ் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. சும்மா துணைக்கு.

சனிக்கிழமை கிளம்பும்போது உம்மா வாசல்படிக்கு வந்து என் சட்டையைப் பிடித்தாள். "மான் வருதோ வரலையோ எனக்கு வேணாம். எங்க வாப்பா மவுத்தானதுக்கு அப்புறம் எனக்குன்னு இந்த நாட்டுல இருக்கிறது காக்கா ஒருத்தர்தான். முழுசாக் கூட்டிட்டு வந்து என் கையில ஒப்படைங்க." அவள் வழக்கமாக அப்படிப் பேசுகிறவள் இல்லை. நான் தலையை ஆட்டினேன்.

நெட்டையின் டிரக்கில் போனோம். நாங்கள் நோன்பு என்று தெரிந்து அவர் தன் காபியைக் கையில் எடுக்கவே இல்லை. நல்ல மனுஷர். இந்த நாட்களில் கிடா மான் புல்லைக்கூடத் தொடாது, எலும்பும் தோலுமாக அலையும் என்றார். "அப்ப அதுக்கும் நோன்புதான்" என்றார் மாமா. அதோடு நிறுத்தவில்லை, மிச்சத்தை நான் உங்களுக்கு எழுத முடியாது. நெட்டை சிரித்த சிரிப்பில் டிரக் லைனை விட்டு விலகியது.

சிரிப்பெல்லாம் கேட்டைத் திறக்கும் வரைதான். உள்ளே சத்தமே இல்லை. காய்ந்த புல், சீடர் என்கிற பச்சை மாறாத புதர், இலை உதிர்ந்த ஓக் மரம். பாதையோரம் என் தொடைப் பருமன் மரங்கள் பட்டை உரிந்து, உள்சதை சிவப்பாகத் தெரிய நின்றன. நெட்டை தொட்டுப் பார்த்து, "நேத்து ராத்திரி" என்றார். மரத்தடியில் மண் வட்டமாகக் கிளறிக் கிடந்தது. ஒரு வாடை. ஆட்டுக் கொட்டகை வாடையை நூறு மடங்காக்கினால் அது. கண்ணுக்குத் தெரியாத யாரோ கோபமாக அங்கே நடந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது எனக்கு.

ஒரு திறந்த வெளி. அதன் ஓரத்தில் கால் வைத்துக் கட்டிய பலகைக் கூண்டு ஒன்று. மாமாவும் நானும் அதில். வெளிக்கு மறுபக்கம், தென்மேற்கு மூலையில், ஒரு மரத்தில் கட்டிய இருக்கையில் நெட்டை. போகுமுன் அவர் விரலை மடக்கிச் சொன்னார். வெஸ்ட்டைக் கழற்றாதீங்க. இருட்டி நான் டார்ச் அடிச்சுக்கிட்டு வர்ற வரைக்கும் கூண்டை விட்டு இறங்காதீங்க. இன்றைக்கு இங்கே பெட்டை மானைச் சுடக் கூடாது, கொம்பைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சுடணும். மாமா மூன்றுக்கும் சரி சரி என்றார். நெட்டை கடைசியாக ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்தார். எங்க கடையில் சூயிங்கத்துக்குப் பக்கத்தில் தொங்குமே, அதுதான். பெட்டை மானின் மூத்திரம். பஞ்சில் நனைத்துக் கொப்பில் கட்டினால் கிடா வாசனைக்கு வரும்.

பகல் போனது தெரியவில்லை. ஒரு மானும் வரவில்லை. பொழுது சாய்ந்து, ஓக் மரங்களின் நிழல் வெளியின் பாதியைத் தாண்டியதும் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. "பஞ்சைப் புதுசா நனைப்போம் மாப்புள" என்று குப்பியைத் திருகினார். குளிரில் விறைத்த விரல். மூடி உடைந்தது. அத்தனையும் அவர் நெஞ்சில், ஆரஞ்சு வெஸ்ட்டில், உள்ளே இருந்த ஜாக்கெட்டில், மீதி கூண்டின் பலகையில்.

"யா அல்லாஹ்" என்றார் மாமா. வாடைக்காக இல்லை. மேற்கே பார்த்தார். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

உங்களுக்குத் தெரியும், உடுப்பில் மூத்திரம் பட்டால் அந்த உடுப்போடு தொழுகை கூடாது. அது பட்ட இடத்திலும் கூடாது. மஃரிபுக்கு நேரமும் கொஞ்சம்தான். நெட்டை சொன்ன மூன்றில் ரெண்டு அந்த நிமிஷத்தில் போயிற்று. துப்பாக்கியில் இருந்த குண்டை எடுத்து வைத்துவிட்டு, வெஸ்ட்டையும் ஜாக்கெட்டையும் கூண்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, மாமா வெள்ளைப் பனியனோடு இறங்கினார். நானும் இறங்கினேன். வாடை படாத சுத்தமான தரை தேடிச் சீடர் புதர்களுக்குள் கொஞ்ச தூரம் போனோம். புல் இடுப்பளவு இருந்தது. பாட்டில் தண்ணீரில் கை, முகம், கால் கழுவி ஒளு செய்தோம். சூரியன் மறைந்ததும் ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணீர், நோன்பு திறந்தோம்.

"மச்சான், நெட்டை இறங்கக் கூடாதுன்னாரே."

"அஞ்சு நிமிஷம் மாப்புள. அவரு வர்றதுக்குள்ள ஏறிடலாம். விரிக்க ஏதாச்சும் இருக்கா?"

நெட்டை எனக்குக் கொடுத்திருந்த வெஸ்ட் சுத்தமாக இருந்தது. கழற்றி விரித்தேன். எங்கள் மேல் மிச்சமிருந்த ஒரே ஆரஞ்சுத் துணி புல்லுக்கடியில் மாமாவின் நெற்றிக்குக் கீழே போயிற்று. வெஸ்ட்டுக்குள் நான் போட்டிருந்தது பழைய பழுப்பு ஜாக்கெட். மாமா பாக்கெட்டிலிருந்து வெள்ளைத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். இந்த ஊரில் தொழும் திசை, கிப்லா, வடகிழக்கு. ஆக, நெட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்தோம்.

மஃரிபின் மூன்று சுற்றில் முதல் ரெண்டு ரக்அத்திலும் இமாம் சத்தமாக ஓதணும். மாமாவுக்குக் குரல் நல்ல கணீர். ஆனால் அன்றைக்குப் பகல் பூராவும் குசுகுசுவென்று பேசிப் பழகின வாய். மான் கலைந்துவிடுமோ என்று அப்போதும் நினைப்பு இருந்திருக்கும். எனக்கே காதைத் தீட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது ரக்அத்தில் சத்தமாக ஓதுவதும் இல்லை. காடு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது மாதிரி. காற்று எங்கள் பக்கமிருந்து கூண்டைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தது. அந்தக் குப்பி மொத்தமும் அந்தக் காற்றில் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது ரக்அத்தின் முதல் சுஜூதில் எங்களுக்கு எதிரே சடசடவென்று ஏதோ புதரை உடைத்துக்கொண்டு வந்தது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் தாண்டிப் போனது. மெலிந்த சத்தம், வேகமான குளம்பு. பெட்டை. திறந்த வெளிக்குள் ஓடியது.

ரெண்டு சுஜூதுக்கும் இடையில் உட்கார்ந்தோம். அடுத்த சுஜூதுக்குக் குனிந்தோம். நெற்றி புல்லில் பட்டபோது வடக்கே புதருக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. பன்றி உறுமுவது மாதிரி, ஆனால் நெஞ்சிலிருந்து. ஒருமுறை. பிறகு நின்று, இன்னொருமுறை, பக்கத்தில்.

அப்போதுதான் எனக்குக் கடையில் கேட்டது எல்லாம் ஒன்றாக வந்தது. பெட்டையைப் போகவிடு. அது வந்த வழியைப் பார். பின்னால் வருகிறதுதான் உனக்கு. அது வந்த வழியில் நாங்கள் இருந்தோம். மங்கின வெளிச்சத்தில் ஒரு பழுப்பு முதுகு, பக்கத்தில் ஒரு வெள்ளை, குனிவதும் நிமிர்வதுமாக. கடையில் வால்பேப்பர் மாதிரி ஒட்டி வைத்திருந்த படங்களில் எல்லா மானுக்கும் வாலுக்கடியில் அதே வெள்ளை.

உயிருக்கு ஆபத்து என்றால் தொழுகையை முறிக்கலாம், மார்க்கம் இடம் கொடுக்கிறது. அதெல்லாம் பிறகு நினைத்தது. அந்த நேரத்தில் உங்க உம்மா என் சட்டையைப் பிடித்த கைதான் எனக்குத் தெரிந்தது. எழுந்திருக்கவும் பயம். சுஜூதில் இருந்தபடியே கையை நீட்டி, மாமாவின் நெற்றிக்கடியில் இருந்த வெஸ்ட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் தலை மண்ணில் முட்டிய சத்தம் கேட்டது. வெஸ்ட்டைத் தலைக்கு மேலே தூக்கி வெறிபிடித்தவன் மாதிரி ஆட்டிக்கொண்டு கத்தினேன். முதலில் தமிழில்தான் வந்தது. "சுடாதே! மனுஷன்! மனுஷன்!" அப்புறம்தான் இங்கிலீஷ் வந்தது.

புதருக்குள் கிடா திரும்பிப் பாய்ந்தது. கொப்புகள் உடைந்து உடைந்து, தூரத்தில் போய் அடங்கியது. வேறு சத்தம் இல்லை. துப்பாக்கிச் சத்தம் வரும், வரும் என்று காது வலித்தது. வரவில்லை. மாமா மட்டும் அசையாமல் சுஜூதை முடித்து, உட்கார்ந்து அத்தஹிய்யாத் ஓதி, வலப்பக்கமும் இடப்பக்கமும் சலாம் கொடுத்தார். பிறகு நெற்றி மண்ணைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன மாப்புள, பைத்தியமா? தொழுகைய முறிச்சிட்டீரே!"

 வெஸ்ட்டை அவர் தோளில் போட்டு ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் உதறினார், நான் விடவில்லை.

நெட்டை புல்லை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் துப்பாக்கி இல்லை. எங்களிடம் வந்து சேருமுன்பே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை பெரிய மனுஷர். அந்தக் குளிரில் முகம் பூரா வியர்வை. மாமாவின் பனியனைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். மாமா சிரிக்க முயற்சி செய்து, "ஸாரி, தொழுதுட்டு இருந்தோம்" என்றார்.

"பெட்டை இங்கேருந்துதான் வந்துச்சு" என்றார் நெட்டை. ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "பின்னாடியே புல்லுக்குள்ள வெள்ளை தெரிஞ்சுது. பழுப்பு தெரிஞ்சுது. குனிஞ்சுது. மண்ணைக் கிளறும்போது கிடா அப்படித்தான் குனியும். குப்பி வாசனைக்குத்தான் வந்திருக்குன்னு எனக்குச் சந்தேகமே இல்லை. துப்பாக்கி லாக்கை எடுத்துட்டேன்."

"அப்புறம்?" என்றார் மாமா.

"கொம்பு பார்க்கணும்ல. தலை தூக்கட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன். வெள்ளையா ஏதாச்சும் மேல வந்திருந்தா கொம்புன்னு சுட்டிருப்பேன்."

 மாமாவின் கை மெதுவாகத் தன் தொப்பிக்குப் போனது. அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என் கையைப் பிடித்தார். அவர் விரல் ஐஸ் மாதிரி இருந்தது.

நெட்டைதான் கேட்டார், உங்க தொழுகை முடிஞ்சுதா என்று. "எனக்கு முடிஞ்சிருச்சு" என்றார் மாமா. "இவருதுதான் பாக்கி." நேரம் போய்க்கொண்டிருந்தது. செவ்வானம் ஒரு கோடுதான் மிச்சம். நெட்டை எழுந்து டார்ச்சை எடுத்து என் மேல் அடித்துப் பிடித்தார், இந்த வட்டாரம் மொத்தத்துக்கும் நான் தெரிகிற மாதிரி. மாமா வெஸ்ட்டை எனக்கு மாட்டிவிட்டார். நான் தனியாகத் தக்பீர் கட்டினேன்.

மூன்று ரக்அத்தும் எப்படியோ போயிற்று. கடைசி சுஜூதில் நெற்றியை வைத்தேன். வைத்த தலை வரவில்லை. துப்பாக்கிகள் எல்லாம் காலியாகத் தூரத்தில் கிடக்கின்றன, தெரியும். மேலே வெளிச்சம் இருக்கிறது, தெரியும். ஆனாலும் எங்கோ புல்லுக்கு அப்பால் ஒரு கண் பொறுமையாக என் தலைக்காகக் காத்துக்கொண்டிருப்பது மாதிரியே இருந்தது. ஓதவேண்டியதைத் திரும்பத் திரும்ப ஓதினேன். மண் வாடை. புல் நுனியில் நெட்டையின் டார்ச் வெளிச்சம்.

மாமா வந்து என் பின்னால், நெட்டையின் மரம் இருந்த தென்மேற்கை மறைத்துக்கொண்டு நின்றார். அவர் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"தூக்கும் மாப்புள" என்றார். "நான் நிக்கிறேன்."